கறுப்பு டேப் ஒட்டிய பட்டன்

நம் வீட்டுக் கீபோர்டில் வலது பக்கம் ஒரு பட்டன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கும். அதை நகத்தால் உரிக்கப் போய் பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறீர்கள். ஏன் உரிக்கக் கூடாது என்று நான் இதுவரை சொன்னதில்லை. சொல்ல வேண்டுமென்றால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவைப் பற்றிச் சொன்னால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

நேற்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பாப்பா, பையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ஆண்டு விழாப் பாட்டுல என்ன பின்னாடி நிக்கச் சொல்லிட்டாங்க நைனா. வாய மட்டும் அசைக்கணுமாம். சத்தம் வரக் கூடாதாம்."

உங்கள் அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. அதைப் பார்த்த பிறகுதான் இன்றைக்கு ரீவைண்டிங் கடையை மூடிவிட்டு எழுத உட்கார்ந்தேன். பிழை இருந்தால் பாப்பா திருத்திக்கொள்ளட்டும்.

அக்கா என்றுதான் ஊரே அவரைக் கூப்பிட்டது. தெரியாதவர்கள் டெய்லர் அக்கா என்பார்கள். திருத்தணியில் மலைக்கோயிலுக்குப் போகிற ரோட்டில், தேங்காய் பழக் கடைகளுக்கு நடுவில், ஒரு மெஷின் மட்டும் போடக்கூடிய அகலத்தில் அவர் கடை இருந்தது. கழுத்தில் அளவு டேப், விரல் நுனியில் சாக்பீஸ் மாவு, உதட்டுக்கு நடுவில் குண்டூசி. குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டே பேசுவார், சிரிப்பார், பாடவும் பாடுவார். எங்கே விழுங்கிவிடுவாரோ என்று நாம்தான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அவர் தைத்த ரவிக்கையில் ஒரு சுருக்கம் விழாது. சொன்ன தேதிக்குக் கொடுத்ததாகவும் சரித்திரம் கிடையாது. "நாளிக்கி வா" என்றால் அடுத்த வாரம் என்று அர்த்தம். கோபித்துக்கொண்டு போன பெண்கள் எல்லாரும் மறுபடியும் அளவு ரவிக்கையோடு அங்கேதான் வருவார்கள்.

அந்தக் கடையில்தான் சனிக்கிழமை சாயங்காலம் அக்காவையும் சேர்த்து நம் சபைப் பெண்கள் ஏழு பேர் கிறிஸ்தவப் பாட்டுகள் பாடப் பழகுவார்கள். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். மலை மேலே ஆராதனை நடந்து ஸ்பீக்கர் ஓயும் வரை அக்கா பாட்டைத் தொடங்க மாட்டார். "அவங்க முடிக்கட்டும். நமக்கு இன்னா ரயிலா போவுது?" என்பார். அதுவரைக்கும் பட்டன் தைக்கும் வேலையை மற்ற ஆறு பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவார். சம்பளம் இல்லாத வேலை. அதற்கு முணுமுணுப்பு உண்டு.

நான் அப்போது ரீவைண்டிங் கடையில் வேலை பார்த்தேன். திருவாலங்காட்டுப் பக்கத்து விவசாயிகள் கொண்டு வரும் பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் கீபோர்டு வாசிப்பேன். வாசிப்பேன் என்று சொல்கிறேனே தவிர, எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கட்டைதான். எந்தக் கட்டையில் பாட்டைத் தொடங்குகிறோமோ அதுதான் பாட்டின் சுருதி. ஒரு கட்டை, மூணு கட்டை, ஐந்து கட்டை என்று எண் கூடக் கூடப் பாட்டு மேலே ஏறும். நன்றாகக் கற்றவர்கள் எந்தக் கட்டையிலும் வாசிப்பார்கள். என்னைப் போன்ற ஆட்களுக்காகத்தான் கம்பெனிக்காரன் ஒரு பட்டன் வைத்தான். விரல் பழைய இடத்திலேயே இருக்கும். பட்டனை ஒரு ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் சுருதி அரைக் கட்டை ஏறும், மறு ஓரத்தில் தட்டினால் இறங்கும். அதுதான் டேப் ஒட்டிய பட்டன்.

அக்கா பாட்டைத் தொடங்குகிற முறை வேறு எங்கும் நான் பார்க்காதது. மற்றக் குழுக்களில் கீபோர்டு சுருதி கொடுக்கும், ஆட்கள் பாடுவார்கள். இங்கே தலைகீழ். அக்கா கண்ணைச் சுருக்கி, தையல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து, அன்றைக்கு யாருக்குக் குரல் ஏறாது என்று தேடுவார். ஒருத்திக்கு ஜலதோஷம் இருக்கும். ஒருத்தி வீட்டில் அழுதுவிட்டு வந்திருப்பாள். அவளைப் பார்த்து, "நீ பிடி" என்பார். அவள் பாட்டின் உச்சியில் வரும் வரியை முதலில் பாட வேண்டும். அது அவளுக்கு எட்டுகிற இடத்தை நான் பட்டனைத் தட்டித் தட்டிக் கண்டுபிடிக்க வேண்டும்.

"கீழ போ. இன்னும் கீழ. ஆங், அங்கியே நில்லு."

அதற்கு அப்புறம்தான் ஏழு பேரும் பாடுவார்கள். அக்கா அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றுகொள்வார்.

ஏழு பேரில் ஒருவரான சரோஜம்மாவுக்கு இது பிடிக்காது. அவருக்கு மார்க்கெட்டில் தக்காளி மண்டி. தெலுங்கு வீடு. மண்டியில் ஏலம் கூவின குரல், ஐந்து கட்டைக்கு மேலே போனால்தான் சூடு பிடிக்கும்.

"இதென்னக்கா, கெணத்துல எறங்கற மாதிரி கீழகீழ போய்க்கினு. என் தொண்ட துருப்புடிச்சிப் போவுது."

"எட்டாதவளுக்கு எட்டுனா எல்லாருக்கும் எட்டும் சரோஜா. நீ அந்தப் பட்டன ஒழுங்கா தெய்யி."

ஒரு சனிக்கிழமை மலைக்கோயில் மடப்பள்ளி வீட்டு மாமி ஒருவர் ரவிக்கைக்காக வந்து உட்கார்ந்தார். மூன்றாவது முறையாக வந்திருந்தார். கோபமாகத்தான் வந்தார். இவர்கள் பாட ஆரம்பித்துவிட்டதால் திட்டுவதற்கு இடைவெளி கிடைக்கவில்லை. இரண்டாவது சரணத்தில் பார்த்தால் மாமியின் உதடு அசைகிறது. மூன்றாவதில் லேசாகச் சத்தமும் வந்தது.

பாட்டு முடிந்ததும் அக்கா, "பாத்தியா சரோஜா, மாமிக்கும் எட்டுது" என்றார்.

"நான் எங்க பாடினேன்? தொண்டையைச் செருமினேன்" என்றார் மாமி. "ரவிக்கை எங்க, அதைச் சொல்லு."

"நாளிக்கி மாமி."

அந்தக் குழு எப்படி ஆரம்பித்தது என்று எனக்குச் சொன்னவர் சரோஜம்மாதான். ரயில்வே லைன் ஓரத்தில் நம் சபையைச் சேர்ந்த ஒரு வயதான அம்மா காலையில் இறந்து போனார். ஆண்கள் எல்லாரும் முதல் வண்டியிலேயே சென்னைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் பெண்கள் மட்டும்தான். பிரேதத்தைக் குளிப்பாட்டி வைத்துவிட்டு, பாட வேண்டிய நேரத்தில் ஒருத்தி அழுகையோடு பாட்டை எடுத்தாள். அழுகிறவர்கள் எடுத்தால் மேலேதான் எடுப்பார்கள். பல்லவி எப்படியோ போயிற்று. சரணத்தில் பாட்டு இன்னும் ஏறும் அல்லவா, ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள். கடைசியில் இறந்தவரின் மகள் ஒருத்தி மட்டும் தொண்டை கிழிய இழுத்துப் பார்த்தாள். அவளும் நின்றாள். பாதிப் பாட்டில் பிரேதம் கிடக்கிறது, யார் வாயிலும் சத்தமில்லை.

"அந்த மாதிரி ஒரு அமைதி எந்த வீட்லயும் வரக் கூடாதுப்பா" என்றார் சரோஜம்மா. "எடுத்தது யாருன்னு கேக்கிறியா? நான்தான். வேற யாரு மேல எடுப்பா?"

அப்போது வாசல் ஓரத்தில் நின்றிருந்த அக்கா உள்ளே வந்து, மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எவ்ளோ தூரம் போவ, எனக்குச் சொல்லு" என்று காதோடு கேட்டாராம். அவள் முனகிக் காட்டிய இடத்திலிருந்து பாட்டை மறுபடி எடுத்தார். ஏழு பேர் கடைசி வரை பாடினார்கள். அதே ஏழு பேர்தான் குழு. அப்புறம் கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வார்டு, டிசம்பரில் வீடு வீடாகக் கேரல், ஆந்திராவில் நகரி, புத்தூர்ப் பக்கம் தெலுங்கில் கூட்டம் என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. யாராவது ஊரை விட்டுப் போனால் வேறு ஒருத்தி வருவாள். எண்ணிக்கை மாறாது.

அக்காவின் சொந்தக் குரலை நான் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். அவர் தையல் மெஷின் மோட்டார் புகைந்துவிட்டது என்று கழற்றிக்கொண்டு போய், கம்பி சுற்றி, ஒரு மத்தியானம் திருப்பிக் கொண்டுவந்தேன். ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. அக்கா காலால் மெஷினை மிதித்தபடி தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். ஆறு கட்டை இருக்கும். அதற்கு மேலேயும் போயிற்று. கொஞ்சம்கூட நெரிபடாத குரல். நான் மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றுவிட்டேன். மோட்டார் கனம் தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"இந்தக் குரல வெச்சிக்கினு ஏங்க்கா அங்க வந்து முனகுறீங்க?" என்று கேட்டேன்.

வாயிலிருந்த குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினார். "தனியா பாடறதுக்கு மெஷினு கூடப் போதும் தம்பி. சேந்து பாடறதுக்குத்தான் ஆளு வேணும். மோட்டார மாட்டு."

எல்லாவற்றிலும் அவர் சொன்னதுதான் சரி என்று நான் எழுத மாட்டேன். சரோஜம்மாவின் மகளுக்குத் தேன் போலக் குரல். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவளைத் தனியாக ஒரு சரணம் பாட விடுங்கள் என்று சபையில் கேட்டார்கள். அக்கா கடைசி வரை விடவில்லை. அந்தப் பெண் அழுதுவிட்டு வேறு சபைக்குப் போய்விட்டாள். ஒரு சரணம் விட்டிருக்கலாம் என்றுதான் இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. சரோஜம்மா குழுவை விடாமல் வந்துகொண்டிருந்தார். ஆனால் அந்தக் கசப்பு அவரிடம் இருந்தது.

உங்கள் அம்மா அந்தக் கடைக்குப் பாட வரவில்லை, ரவிக்கை தைக்க வந்தாள். பத்தொன்பது வயது. தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் செய்து மூன்று மாதம். கழுத்தில் குறுக்கே தழும்பு. அதை மறைக்கக் காலர் வைத்து உயரமாக ஒரு ரவிக்கை வேண்டும் என்று கேட்டாளாம். அக்கா கழுத்தை அளவெடுத்துக்கொண்டே, "பாடுவியா?" என்று கேட்டார்.

"முன்னாடி பாடுவேங்க."

"முன்னாடி எல்லாரும்தான் பாடுனாங்க. சனிக்கிழம வா."

அம்மா வந்தாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவளுடைய குரல் மெலிந்து, மேலே போனால் நூல் அறுந்த மாதிரி நின்றுவிடும். அன்று முதல் அக்கா யாரையும் தேடவில்லை.

"கிரேஸு, நீ பிடி."

"நான் எதுக்குங்க்கா. சரோஜம்மா பிடிக்கட்டும்."

"சரோஜா பிடிச்சா மலைமேல இருக்கறவங்களுக்குத்தான் எட்டும். நீ பிடி."

மூணு கட்டை. பெண்களுக்கு அது ரொம்பத் தாழ்வு. அந்தத் தாழ்விலேயே பழகிப் பழகி அம்மாவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக அறுபடாமல் நிலைத்தது. ஆறு மாதத்தில் வீட்டிலும் பாட ஆரம்பித்துவிட்டாள் என்று அவளுடைய அண்ணன் சபையில் சொன்னார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

அரக்கோணத்தில் சுற்று வட்டாரச் சபைகளுக்கெல்லாம் ஒரு பாட்டுப் போட்டி வைத்தார்கள். காலையில் கூடாரத்தில் போட்டி. ஜெயிக்கிற குழு சாயங்காலம் மைதானத்தில் பெரிய கூட்டத்தில் பாட வேண்டும், அதை சிடி போடுவார்கள். அக்காவுக்கு இஷ்டமில்லை. "போட்டியா? தேதி சொல்லாம இருந்தா தையல் போட்டிக்கு வேணா வரேன்" என்றார். சரோஜம்மா விடவில்லை. "ஏங்க்கா, சாவுக்கே பாடிக்கினு இருந்தா போதுமா? ஒருவாட்டி மேடையில நிக்கக் கூடாதா?" என்று கேட்டார். மகளை மனதில் வைத்துக் கேட்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அக்கா சரி என்றுவிட்டார். மனுவில் குழுவின் பெயர் என்று இருந்த இடத்தில் 'திருத்தணிப் பெண்கள்' என்று எழுதினார். தலைவி பெயர் என்று இருந்த இடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். அதனால்தான் நானும் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

அன்று காலை மேடைக்குப் பின்னால் நின்றிருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண்கள் குழு, ஒரே மாதிரிப் புடவை. ஆறு கட்டையில் பாடினார்கள். கைதட்டு நிற்கவில்லை. இறங்கி வரும்போது அவர்களுடைய கிட்டார் வாசிக்கிற பையன் எங்களைப் பார்த்து, "துக்க வீட்டு கோஷ்டி வந்துட்டாங்கடா, கர்ச்சீப் எடுத்து வெச்சிக்கோ" என்றான்.

அக்காவுக்குக் கேட்டிருக்கும். அவர் அம்மாவின் காலரைச் சரி செய்துகொண்டிருந்தார். எனக்குத்தான் காதுக்குள் அது போகவில்லை, நெஞ்சுக்குள் போயிற்று. மெஷினோடு தனியாகப் பாடின அந்தக் குரல் ஞாபகம் வந்தது. சரோஜம்மாவின் குரல் ஞாபகம் வந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஏன் மூணு கட்டையில் முனக வேண்டும்? மேடையில் கீபோர்டை வைத்ததும் பட்டனை மூன்று தட்டுத் தட்டினேன். மூணுக்கும் நாலுக்கும் நடுவில் ஒரே தட்டுதான் என்பதால் மூணு கட்டை ஐந்து கட்டையாயிற்று. அம்மாவை நான் அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை. அதுதான் தப்பு. நினைத்துச் செய்திருந்தால்கூட அது வேறு தப்பு.

முன்னிசை வாசித்த உடனே அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டேன். பாட்டு தொடங்கிவிட்டது, நிறுத்த முடியாது.

பல்லவி பிரமாதமாகப் போயிற்று. சரோஜம்மாவின் குரல் கூடாரத்தைத் தூக்கியது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. சரணம் ஏறினபோது அம்மாவின் குரல் அறுந்தது. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. முதல் வரிசையில் நின்று, அவ்வளவு பேர் முன்னால், சத்தம் வராத வாயை அசைத்துக்கொண்டு, கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

அந்த ஏழு பேரில் அந்த உயரத்துக்கு எல்லாரையும்விடச் சுலபமாகப் போகக்கூடியவர் அக்காதான். அவர் என்ன செய்தார் தெரியுமா? பாட்டை விட்டு இறங்கினார். அதே வரியை முழுதாக ஒரு ஸ்தாயி கீழே, ஆண்கள் பாடும் இடத்துக்குக் கொண்டுபோய், அம்மாவின் காதோரம் பாடினார். இரண்டு வரி தனியாகப் பாடினார். மூன்றாவது வரியில் அம்மாவின் குரல் வந்து ஒட்டிக்கொண்டது. மேலே ஐந்து பேர், அடியில் இரண்டு பேர் என்று பாட்டு முடிந்தது.

எங்களுக்குத்தான் முதல் பரிசு. நடுவர் மைக்கில், "அந்தக் கீழ்க்குரலை எவ்வளவு யோசித்து அமைத்திருக்கிறார்கள் பாருங்கள்" என்று பாராட்டினார். கிட்டார் பையன்கூடக் கை தட்டினான். நான் தலையைத் தூக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் அக்கா என்னிடம் வந்தார். கத்தவில்லை.

"எத்தினி தட்டு தட்டுன?"

"மூணுக்கா."

"அவ கழுத்துல எத்தினி தையல் தெரியுமா?"

நான் கீபோர்டு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"பதினொண்ணு. அளவெடுக்கும்போது எண்ணிட்டேன். எனக்குத் தையல எண்ணாம இருக்க முடியாது. உனக்கு மூணுதான் எண்ணத் தெரிஞ்சிச்சி."

அதற்குள் சரோஜம்மா ஓடி வந்தார். "அக்கா, கிரேஸக் காணோம். பையெடுத்துக்கினு ஸ்டேஷன் பக்கம் போச்சாம். சாயங்காலம் ஆறு பேரா நிக்கறதா?"

"நிக்க மாட்டோம்" என்றார் அக்கா. "அவ வந்தா பாடுவோம். வரலன்னா பரிசத் திருப்பிக் குடுத்துட்டு வண்டியேறலாம்."

சரோஜம்மா அவரையே பார்த்தார். எவ்வளவு நாள் காத்திருந்த மேடை. "அப்பன்னா போய்க் கூப்புட்டுக்கினு வாங்க" என்றார்.

"நான் போவ மாட்டேன். அறுத்தவன்தான் தைக்கணும்" என்று அக்கா என்னைப் பார்த்தார். "போடா."

அரக்கோணம் ஸ்டேஷனில் எத்தனை பிளாட்பாரம் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். திருத்தணி வழியாகப் போகிற வண்டிக்காக அம்மா ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதுவரைக்கும் நான் அவளோடு தனியாக நாலு வார்த்தை பேசியதில்லை.

"சாயங்காலம் பாட வரணுமாம்" என்றேன்.

"நீங்க எல்லாம் பாடுங்க. ஆளு கொறையுதுன்னா வந்து நிக்கறேன். வாய மட்டும் அசைக்கறேன். யாருக்கும் தெரியாது."

"உன் மேல தப்பு இல்ல. சுருதிய ஏத்துனது நான்தான். பட்டன மூணு தட்டு தட்டிட்டேன்."

அவள் மடியிலிருந்த பையை இறக்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்குக் கொரல் திரும்பப் போயிடிச்சின்னு நெனச்சேன்" என்றாள். "ஆபரேஷன் முடிஞ்சி கண்ணு முழிச்சப்போ எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருந்துச்சி. நீ பட்டன்னு சொல்ற."

அதற்கு மேல் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வண்டி வருகிற அறிவிப்பு கேட்டது. என் சட்டைப் பையில் எப்போதும் போலக் கறுப்பு டேப் சுருள் ஒன்று இருந்தது. மோட்டார் வேலைக்காரன் பையில் வேறு என்ன இருக்கும்? அதை எடுத்து நீட்டினேன்.

"மூணு கட்டையில வெச்சி, பட்டன் மேல இத ஒட்டிடறேன். உன் எதிர்லியே ஒட்டறேன். இனிமே அதத் தொட மாட்டேன்."

"தொடாம எப்பிடி வாசிப்ப? உனக்குத்தான் ஒரே கட்ட தெரியுமே."

"கத்துக்கறேன்."

வண்டி வந்தது, நின்றது, போயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. அப்புறம் டேப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நானே ஒட்டறேன்" என்றாள்.

சாயங்காலம் மைதானத்தில் கண்ணுக்கு எட்டிய வரை தலைகள். அம்மா மேடையில் எல்லாரும் பார்க்க டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துப் பட்டன் மேல் ஒட்டினாள். அக்கா அவள் பக்கம் திரும்பினார். "கிரேஸு, நீ பிடி" என்றார். அம்மா உச்சி வரியை மெதுவாகப் பாடிக் காட்டினாள். எட்டியது.

தொடங்கினார்கள். காலையில் கேட்ட பாட்டா இது என்பதுபோல நடுவர் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்வதைப் பார்த்தேன். கூடாரத்தைத் தூக்கிய பாட்டு இப்போது தரையோடு போனது. சரோஜம்மா ஒரு சத்தம் கூட்டவில்லை, கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாகப் பாடினார். முதல் சரணம் முடியும்போது முன்னால் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் கூடவே பாட ஆரம்பித்தார். அவர் பாடுவதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள். அப்புறம் பின்னால், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், குழந்தையைத் தோளில் போட்டிருந்தவர்கள். ரயில்வேக்காரர்கள் சீருடையோடு நின்று பாடினார்கள். அந்த உயரத்தில் யாருக்குத்தான் எட்டாது? மூன்றாவது சரணத்தில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. மைதானம் முழுக்கப் பாடியது. நான் அம்மாவைப் பார்த்தேன். வாய் அசைவதை நான் பார்க்கவில்லை, கழுத்துத் தழும்பு அசைவதைப் பார்த்தேன். அவள் காலரை மடித்து விட்டிருந்தாள்.

சிடியில் அந்தப் பாட்டு வரவில்லை. ஜனங்களுடைய சத்தத்தில் குழுவின் பாட்டு அமுங்கிவிட்டது, போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாக இரண்டாம் பரிசு வாங்கிய கல்லூரிப் பெண்களின் பாட்டைப் போட்டார்கள். திரும்பி வரும் வண்டியில் சரோஜம்மாதான் முதலில் பேசினார்.

"சிடி இல்லன்னா போவுது போ. அவ்ளோ பேர்ல யாரு மேல எடுத்தா, யாரு கீழ எடுத்தான்னு யாருக்குத் தெரிஞ்சிச்சி? எல்லாரும்தான் பாடுனாங்க."

"அன்னிக்கி அந்த வீட்ல நீ மேல எடுக்கலன்னா நாம இன்னிக்கி இங்க இல்ல" என்றார் அக்கா. சரோஜம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா அவர் மடியில் ஒரு ரவிக்கையையும் பட்டன் பொட்டலத்தையும் போட்டார். "சும்மாதான இருக்கற."

நாலைந்து வருஷம் கழித்து அக்கா புத்தூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது எங்கள் கல்யாணத்துக்குத் தருவதாகச் சொன்ன ரவிக்கையைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு அளவு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. குழு இருக்கிறது. சனிக்கிழமை அம்மா எங்கே போகிறாள் என்று உங்களுக்குத் தெரியும். ஏழு பேர்தான். பட்டன் தைக்கும் வேலை மட்டும் இல்லை.

நான் சொன்னபடியே கட்டைகளைக் கற்றுக்கொண்டேன். அதற்கு இரண்டு வருஷம் பிடித்தது. இப்போதும் வேகம் வராது. யாராவது ஒரு சுருதியைப் பிடித்தால், விரல் தடவித் தடவித்தான் அந்த இடத்துக்கு வரும். டேப் பழசாகிப் பிசுபிசுத்தால் புதிதாக ஒட்டுகிறேன். ஐந்தாறு முறை மாற்றியிருப்பேன்.

பாப்பா, உன் டீச்சரிடம் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆண்டு விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நாளைக்குச் சாயங்காலம் வந்து கீபோர்டு பக்கத்தில் உட்கார். அந்தப் பாட்டில் எந்த வரி உனக்கு எட்டவில்லையோ, அதை முதலில் பாடு. அம்மாவும் உட்காருவாள். உனக்கு எட்டுகிற இடம் எது என்று தெரிந்துகொண்டு, அந்தக் கட்டையைத் தாளில் எழுதி, உன் டீச்சரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்து, எல்லாப் பிள்ளைகளையும் அதிலே பாட வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கிறேன். அவர்கள் சரி என்பார்களோ, மாட்டேன் என்பார்களோ. கேட்காமல் இருக்க மாட்டேன்.

எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அவசரப்படாதே. நீ பிடி, நான் தேடி வருகிறேன்.